நிலக்கீழ்த் தளத்தில் நீர்க்கசிவு

நிலக்கீழ்த் தளம் என்பது வீட்டின் தரைத்தளத்துக்குக் கீழே, முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ மண்ணுக்குள் அமைந்திருக்கும் தளம் ஆகும். கனடாவில் வாழும் தமிழர்கள் இதை பேஸ்மென்ட் என்றே சொல்வார்கள். தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் சொல்லும் 'பேஸ்மட்டம்' வேறு. அது நிலத்துக்கு மேலே உயர்த்திக் கட்டப்படும் பீடத்தைக் குறிக்கும். ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு ஊர்களில் ஏறத்தாழ எதிரெதிரான இரண்டு பொருள்களைப் பெற்றிருப்பதால், இணையத்தில் கிடைக்கும் தமிழ்க் குறிப்புகளைப் படிப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

இக்கட்டுரை ரொறன்ரோவையும் அதைச் சூழ்ந்த தென் ஒன்ராறியோவையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. அங்கு குளிர்காலத்தில் மேல்மண் உறைந்து உப்பும். அத்திவாரம் அந்த உறைபனி எட்டாத ஆழத்துக்கு, ஏறத்தாழ 1.2 மீற்றர் அல்லது 4 அடிக்குக் கீழே, இறங்க வேண்டும். எப்படியும் அவ்வளவு தோண்டியாயிற்று, இன்னும் சில அடி தோண்டினால் ஒரு முழுத் தளமே கிடைத்துவிடும் என்பதே இந்த வீடுகளின் கணக்கு. முதலில் வெப்பமூட்டும் உலையும் வெந்நீர்த் தொட்டியும் மட்டுமே இருந்த இடம் பிறகு படுக்கையறை, சமையலறை, குளியலறை கொண்ட குடியிருப்பாக மாறியது. ஸ்காபரோவில் புதிதாக வந்து இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முதல் வீடு இதுதான். ஆகவே, இங்கே நீர் புகுந்தால் நனைவது பழைய பெட்டிகள் மட்டுமல்ல. ஒரு குடும்பத்தின் படுக்கை, பிள்ளைகளின் புத்தகங்கள், கடவுச்சீட்டு முதலிய ஆவணங்கள் எல்லாமே நனையும்.

மண்ணுக்குள் நீர் செய்யும் வேலை

வீடு கட்டும்போது தேவையானதைவிடச் சற்று அகலமாகக் குழி தோண்டி, சுவர் எழுப்பிய பின் இடைவெளியை மண் போட்டு நிரப்புவார்கள். சுற்றியுள்ள களிமண் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறுகிக் கிடப்பது. நிரப்பிய மண்ணோ தளர்வானது. மழைநீர் இறுகிய மண்ணில் மெதுவாகவும் தளர்ந்த மண்ணில் விரைவாகவும் இறங்கும். இதனால் வீடு ஒரு களிமண் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருப்பதைப் போன்ற நிலை உண்டாகிறது. கிண்ணத்தில் நீர் சேரச் சேர, அது சுவரைத் தள்ளத் தொடங்குகிறது.

அந்தத் தள்ளுவிசை சிறியதல்ல. நீர் 1 மீற்றர் உயரத்துக்குச் சேர்ந்தால் அடியில் ஒவ்வொரு சதுர மீற்றர் பரப்பின் மீதும் ஏறத்தாழ 1,000 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் இருக்கும். 2 மீற்றர் என்றால் 2,000 கிலோ. மயிரிழை போன்ற வெடிப்பு வழியாகவும் நீர் வருவதற்கும், உள்ளே பூசிய வர்ணம் கொப்புளித்து உரிவதற்கும் இதுவே காரணம். கசிவைத் திருத்துவதில் அடிப்படை விதி இதிலிருந்தே பிறக்கிறது: அழுத்தத்தைக் குறைக்காமல் ஓட்டையை மட்டும் அடைத்தால், நீர் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிக்கொள்ளும்.

எங்கிருந்து வருகிறது?

திருத்த வேலைக்கு ஆள் கூப்பிடும் முன் செய்ய வேண்டியது நீரின் வழியைக் கண்டுபிடிப்பது. தவறான வழிக்குச் சரியான மருந்து போட்டுப் பணத்தை இழந்த வீடுகள் ஏராளம்.

எப்போது வருகிறது என்பதே முதல் தடயம். மழை தொடங்கிய சற்று நேரத்திலேயே சுவரின் மேற்பகுதியிலோ யன்னல் ஓரத்திலோ நீர் வந்தால், அது பெரும்பாலும் பீலி, கீழிறங்கு குழாய், வீட்டைச் சுற்றியுள்ள நிலச்சரிவு ஆகியவற்றின் குறை. மழை பெய்து பல மணி நேரமோ ஒரு நாளோ கழித்துச் சுவரும் தரையும் சேரும் மூலையில் ஈரம் தோன்றினால் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கிறது. மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவில் ஈரம் இருந்தால் வீட்டுக் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியைப் பார்த்தால், அது சுற்றிக்கொண்டிருப்பது எங்கோ ஒழுகுவதைக் காட்டிக் கொடுத்துவிடும். தரையிலுள்ள வடிகால் துவாரம் வழியாகவோ மலசலகூடத்தின் அடியிலிருந்தோ நாற்றத்துடன் கறுத்த நீர் பொங்கினால், அது தெருவின் கழிவுநீர்க் குழாய் பின்னோக்கித் தள்ளுவது. இது மற்றவற்றைவிட ஆபத்தானது, மருத்துவமும் வேறு.

கோடை ஈரம் பலரையும் ஏமாற்றும். யூலை மாதத்தின் வெப்பமான ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும். குளிர்பானப் போத்தலின் வெளிப்புறம் நனைவதைப் போன்றதே இது. சுவர் கசிகிறது என்று நினைத்து, காற்றோட்டத்துக்காக யன்னலைத் திறந்து வைத்தால் ஈரம் இன்னும் கூடும். இதை அறிய எளிய சோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்ரிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். தாளுக்கும் சுவருக்கும் இடையில் நனைந்திருந்தால் சுவர் வழியாக ஈரம் வருகிறது. முதலாவதற்கு, ஈரப்பதம் அகற்றும் கருவி ஒன்று போதும். அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்திருப்பது நல்லது.

சுவரில் வெள்ளைத் தூளாக உப்புப் பூத்திருந்தால், நீர் அவ்வழியே வந்து ஆவியாகிப் போயிருக்கிறது என்று பொருள். இப்போது காய்ந்திருந்தாலும் அந்த இடம் பழைய குற்றவாளிதான். வீடு வாங்கப் போகிறவர்கள் வர்ணத்தின் புதுமையைப் பார்த்து மயங்காமல், உலைக்குப் பின்புறத்திலும் படிக்கட்டுக்கு அடியிலும் ரோர்ச் வெளிச்சம் அடித்து இந்த உப்பைத் தேடுவது நல்லது.

வெளியே செய்யும் எளிய வேலைகள்

செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததுமான வேலைகள் வீட்டுக்கு வெளியே இருக்கின்றன. 100 சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,500 லீற்றர் நீர் இறங்கும். அந்த நீர் முழுவதும் நான்கு மூலைகளில் உள்ள கீழிறங்கு குழாய்கள் வழியாக அத்திவாரத்தின் காலடியிலேயே கொட்டினால், எந்தச் சுவரும் தாங்காது. குழாயின் வாயை நீட்டி, வீட்டிலிருந்து குறைந்தது 2 மீற்றர் தள்ளி நீர் விழும்படி செய்ய வேண்டும். அண்டை வீட்டுக்காரரின் சுவரை நோக்கித் திருப்பிவிடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் ரொறன்ரோவின் நெருக்கமான தெருக்களில் அடிக்கடி நடப்பது அதுதான். இலையுதிர்காலத்தில் பீலிகளைத் துப்புரவு செய்யாவிட்டால், நீர் பீலியின் விளிம்பைத் தாண்டிச் சுவரோரமாகவே விழும்.

முன்பு பல வீடுகளில் இந்தக் குழாய்கள் நிலத்துக்குள் இறங்கித் தெருக் கழிவுநீர்க் குழாயுடன் இணைக்கப்பட்டிருந்தன. பெருமழையில் ஆயிரக்கணக்கான கூரைகளின் நீரும் ஒரே நேரத்தில் அங்கே போனால் குழாய் நிரம்பி, நீர் வீடுகளுக்குள்ளேயே திரும்பும். அதனால் ரொறன்ரோ மாநகரசபை 2007 இல் இந்த இணைப்புகளைத் துண்டிக்கும் விதியைக் கொண்டுவந்து, பின்னர் கட்டம் கட்டமாக நகர் முழுவதும் கட்டாயமாக்கியது.

அடுத்தது நிலத்தின் சரிவு. நிரப்பிய மண் காலப்போக்கில் அமிழ்ந்து, சுவரை நோக்கியே பள்ளமாகிவிடும். சுவரிலிருந்து முதல் 3 மீற்றர் தூரத்துக்குள் நிலம் 15 சென்ரிமீற்றராவது இறங்குமாறு களிமண் கலந்த மண்ணை இட்டு இறுக்க வேண்டும். பூச்செடி நடும் இளகிய மண் இதற்கு உதவாது, அது நீரைக் குடித்துச் சுவரிடமே கொடுக்கும். கார் நிறுத்தும் பாதைக்கும் சுவருக்கும் இடையே விழும் வெடிப்பையும், நிலமட்டத்துக்குக் கீழே இருக்கும் யன்னல்களைச் சுற்றிய குழிகளில் சேரும் சருகுகளையும் கவனித்தால் போதும். கசிவு என்று முறையிடும் வீடுகளில் கணிசமானவை இத்துடன் காய்ந்துவிடும். இந்த வேலைகளைச் செய்து ஒரு பருவமழையாவது பார்க்காமல் பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அவசரம்.

சுவர் வெடிப்புகள்

வார்ப்புக் கொங்கிறீற்றுச் சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய வெடிப்பு பெரும்பாலும் கொங்கிறீற்று காயும்போது சுருங்கியதால் வந்தது. இதனை உள்ளேயிருந்தே ஊசிமூலம் நிரப்பலாம். இரண்டு பொருள்கள் வழக்கில் உள்ளன. எப்பொக்சி உலர்ந்த வெடிப்பில் இறங்கி, சுவரின் இரு பக்கங்களையும் மீண்டும் ஒன்றாக ஒட்டிவிடும். ஆனால் வெடிப்பு இன்னும் அசைந்துகொண்டிருந்தால் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். பொலியூரிதேன் நீருடன் சேர்ந்து நுரைத்து விரிந்து, றப்பர்போல் நெகிழ்ந்து நிற்கும். ஈரமான, கசிந்துகொண்டிருக்கும் வெடிப்புக்கு இதுவே பொருத்தம். இதற்குச் சுவரின் வலிமையைக் கூட்டும் ஆற்றல் இல்லை.

நீர் பீறிட்டு வரும் சிறு துவாரத்தை உடனடியாக அடைக்க, சில நிமிடங்களில் இறுகும் நீர்த்தடைச் சீமெந்து உண்டு. துவாரத்தை வெட்டும்போது வாய் குறுகலாகவும் உட்புறம் அகலமாகவும் வெட்டினால்தான் அந்த அடைப்பு பின்னர் நீரழுத்தத்தால் வெளியே தள்ளப்படாது. மேற்பரப்பில் தடவிவிட்டுப் போவது அடுத்த மழை வரைக்கும்தான்.

கல் அடுக்கிக் கட்டிய சுவர்களில் இந்த முறைகள் பெரிதும் பயன்படா. அந்தச் சீமெந்துக் கற்கள் உள்ளே வெற்றிடம் கொண்டவை. ஓர் இடத்தில் புகுந்த நீர் கற்களின் உள்ளே ஓடி வேறோர் இடத்தில் வெளிவரும். மேலும், இத்தகைய சுவரில் பாதி உயரத்தில் படுக்கையாக ஒரு வெடிப்பு ஓடி, சுவர் உள்நோக்கிப் புடைத்திருந்தால், அது கசிவுப் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டிவிட்டது. வெளிமண்ணும் நீரும் சுவரை உள்ளே தள்ளுகின்றன. அங்கே பூசுவதோ அடைப்பதோ கூடாது. கட்டுமானப் பொறியியலாளரை அழைக்க வேண்டும்.

நீர்புகா வர்ணத்தைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. சுவரின் உட்புறத்தில் பூசும் வர்ணம் நீர் தள்ளும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. மெல்லிய ஈரத்தை அது மறைக்கும், அழுத்தத்துடன் வரும் நீரை நிறுத்தாது. வீட்டை விற்பவருக்கு அது உதவலாம், வாழ்பவருக்கு உதவாது.

வடிகாலும் பம்பியும்

அத்திவாரத்தின் அடியைச் சுற்றி ஒரு வடிகுழாய் போடப்பட்டிருக்கும். பழைய வீடுகளில் அது இடைவெளி விட்டு அடுக்கிய சுட்டமண் குழாய். இப்போது துளையிட்ட பிளாஸ்ரிக் குழாய். இதன் வேலை சுவரோரம் சேரும் நீரை வாங்கி அப்புறப்படுத்துவது. பல பத்தாண்டுகளில் மண்ணும் மரவேரும் அதை அடைத்துவிடும். மிகப் பழைய வீடுகளில் அது இல்லாமலே இருக்கலாம்.

இதைச் சீர்செய்ய இரண்டு வழிகள். முதலாவது, வெளியே அத்திவாரம் வரை தோண்டி, சுவரைக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, நீர்புகாப் படலம் ஒட்டி, அதன்மேல் குமிழ்கள் கொண்ட பிளாஸ்ரிக் தாளைப் பொருத்தி, புதிய வடிகுழாயைச் சரளைக்கல்லுக்குள் வைத்து மூடுவது. நீர் சுவரைத் தொடும் முன்பே தடுப்பதால் இதுவே முழுமையான மருத்துவம். செலவும் மிக அதிகம். படிக்கட்டு, கார்ப்பாதை, பக்கத்து வீட்டு எல்லை எல்லாம் இடைஞ்சலாக நிற்கும். செலவைக் குறைக்க வார இறுதியில் நண்பர்களுடன் தாமே தோண்டுவோரும் உண்டு. இது உயிராபத்தான வேலை. ஒன்ராறியோவின் கட்டுமானப் பாதுகாப்பு விதிகளின்படி 1.2 மீற்றருக்கு மேல் ஆழமான குழியில் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் தொழிலாளர் இறங்கக் கூடாது. ஒரு கன மீற்றர் ஈரமண் ஒன்றரை தொன்னுக்கு மேல் எடையுள்ளது. இடுப்பளவு சரிந்தாலே ஆளை வெளியே இழுக்க முடியாது. தோண்டும் முன் எரிவாயு, மின் இணைப்புகள் எங்கே செல்கின்றன என்பதை ஒன்ராறியோ வன் கோல் சேவையிடம் கேட்டறிய வேண்டும். வீட்டுக்காரருக்கு அது இலவசம்.

இரண்டாவது வழி உள்ளேயிருந்து செய்வது. சுவரோரமாகத் தரையை வெட்டி, அத்திவாரத்தை ஒட்டித் துளைக்குழாய் பதித்து, நீரை ஒரு குழிக்குக் கொண்டுவந்து, மின்பம்பியால் வெளியே தள்ளுவது. இந்தக் குழியை சம்ப் என்பர். தமிழ்நாட்டில் சம்ப் என்றால் வேண்டிய நீரைச் சேமிக்கும் தொட்டி, இங்கே வேண்டாத நீர் சேரும் பள்ளம். உள்வடிகால் சுவர் நனைவதைத் தடுக்காது. சுவரும் தரையும் சேரும் மூலையில் அழுத்தத்தைக் குறைத்து நீரை வழிநடத்தும், அவ்வளவே. ஆனாலும் மூலைக்கசிவுக்கு நடைமுறையில் பெரும்பாலானோர் தெரிவது இதைத்தான்.

பம்பியின் பலவீனம் மின்சாரம். மழையும் மின்தடையும் சேர்ந்தே வரும் என்பது புயல்களின் வழக்கம். 2013 யூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாகியபோது நகரின் பல பகுதிகள் இருளில் மூழ்கின. மேலே சொன்ன கூரைக் கணக்கில் அது ஒரு வீட்டுக்கு 12,600 லீற்றர் நீர். மின்கலத்தில் இயங்கும் துணைப்பம்பி ஒன்று இருப்பது ஆடம்பரமல்ல. சில மாதங்களுக்கு ஒரு முறை குழிக்குள் ஒரு வாளி நீரை ஊற்றி, மிதவை உயர்ந்து பம்பி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பங்குனி, சித்திரையில் பனி உருகும்போது வெளியேற்றுக் குழாயின் வாய் உறைந்திருந்தால், பம்பி ஓடியும் நீர் போக வழியிராது.

கழிவுநீர் பின்னோக்கி வரும்போது

நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்கின்றன. தனித்தனிக் குழாய்கள் உள்ள இடங்களிலும் பெருமழைநீர் கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்துவிடுகிறது. குழாய் நிரம்பினால், நீர் அதனுடன் இணைந்த மிகத் தாழ்ந்த துவாரத்தைத் தேடும். அது நிலக்கீழ்த் தளத்தின் தரை வடிகால். 2005 ஓகஸ்ட் 19, 2013 யூலை 8, 2024 யூலை 16 ஆகிய நாள்களின் மழையில் பல வீடுகள் இவ்வாறே நிரம்பின.

இதற்குத் தீர்வு பின்னோட்டத் தடுப்பு வால்வு. வீட்டிலிருந்து தெருவுக்குச் செல்லும் குழாயில் பொருத்தப்படும் இதன் மடல், நீர் திரும்பி வரும்போது எழுந்து வழியை மூடிக்கொள்ளும். பலருக்குச் சொல்லப்படாத விடயம் ஒன்று உண்டு. வால்வு மூடியிருக்கும்போது வீட்டு நீரும் வெளியே போக முடியாது. மேல்வீட்டில் ஒருவர் குளித்தாலோ, துணி துவைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டாலோ, மலசலகூடத்தில் நீர் இழுத்தாலோ, அது கீழ்வீட்டுத் தரையில்தான் வந்து நிற்கும். மேலே வீட்டுக்காரரும் கீழே வாடகைக்காரரும் வாழும் வீட்டில், கனமழை பெய்யும்போது மேலே நீர் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்று இரு குடும்பங்களும் முன்பே பேசி வைத்திருப்பது வால்வைப் போலவே அவசியம். அத்திவார வடிகுழாயும் இதே குழாயில் இணைந்திருந்தால், அதைப் பிரித்துப் பம்பிக்குத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் வால்வு மூடும் நேரத்தில் நிலத்தடி நீரும் உள்ளேயே தங்கும்.

இவ்வேலைகளுக்கு ரொறன்ரோ மாநகரசபை மானியம் வழங்குகிறது. பல ஆண்டுகளாக அது வால்வுக்கு 1,250, பம்பிக்கு 1,750, வடிகுழாய் துண்டிப்புக்கு 400 என ஒரு வீட்டுக்கு 3,400 டொலர் வரை இருந்தது. தொகையும் நிபந்தனையும் மாறக்கூடியவை என்பதால் வேலை தொடங்கும் முன் மாநகரசபையின் 311 எண்ணில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீர் புகுந்த பின்

மின்செருகிகள் அல்லது மின்பலகையின் அருகில் நீர் எட்டியிருந்தால் அதற்குள் கால் வைக்கவே கூடாது. பிரதான சுவிட்சை நிறுத்தவும் நீருக்குள் நடந்து செல்லக் கூடாது. மின் நிறுவனத்தை அழைத்து வெளியே துண்டிக்கச் சொல்ல வேண்டும். கழிவுநீர் தொட்ட கம்பளம், மெத்தை, அட்டைச் சுவர்ப்பலகை ஆகியவற்றைக் காப்பாற்ற முயல்வதில் பயனில்லை. பூஞ்சணம் ஓரிரு நாள்களுக்குள்ளேயே பிடிக்கத் தொடங்கும்.

நீர் பல அடி உயரத்துக்கு நின்றால் எல்லாவற்றையும் ஒரேயடியாக இறைக்கக் கூடாது. வெளிமண்ணும் நீரால் நிறைந்திருக்கும் அந்த நேரத்தில் உள்ளே நிற்கும் நீரே சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதை விரைவாக வெளியேற்றினால் சுவர் உள்ளே சரியலாம். ஓர் அடி இறைத்து, மட்டத்தைக் குறித்து, மறுநாள் அது திரும்ப உயர்ந்திருக்கிறதா என்று பார்த்துத் தொடர வேண்டும்.

எதையும் வெளியே எறியும் முன் படம் எடுத்து வைக்க வேண்டும். கழிவுநீர் பின்னோட்டத்துக்கான காப்புறுதி பெரும்பாலும் தனியாகச் சேர்த்து வாங்க வேண்டிய பிரிவு. நாட்பட்ட கசிவைச் சாதாரண வீட்டுக் காப்புறுதி ஏற்பதில்லை. வீட்டுக்காரரின் காப்புறுதி வாடகைக்காரரின் பொருள்களுக்கு ஈடு தராது, அதற்கு வாடகைக்காரர் காப்புறுதி வேறாக எடுக்க வேண்டும்.

வாடகைக்கு இருப்போர்

ஒன்ராறியோவின் 2006 ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டை நல்ல நிலையில் பராமரிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. கசிவு இருப்பதைத் தெரிந்தே குடிவந்திருந்தாலும் அப்பொறுப்பு நீங்காது. மாநகரசபையின் அனுமதி பெறாத நிலக்கீழ்க் குடியிருப்பு என்பதாலும் வாடகைக்காரரின் உரிமை போய்விடுவதில்லை. ஆனால் வீட்டுக்காரருடனோ அவருடைய நெருங்கிய குடும்பத்துடனோ சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டிய ஏற்பாடாக இருந்தால் இச்சட்டம் பொருந்தாது. தெரிந்தவர் வீடு, ஊர்க்காரர் வீடு என்று வாய்ப்பேச்சில் குடியேறுவோர் இந்த வேறுபாட்டை முதலிலேயே அறிந்திருக்க வேண்டும்.

கசிவைக் கண்டவுடன் திகதியிட்டு, படங்களுடன், குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அறிவிப்பது நல்லது. முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தால் பின்னர் அதற்குச் சாட்சி இருக்காது. திருத்தித் தராவிட்டால் வாடகையைத் தாமாக நிறுத்தக் கூடாது; அது குடியெழுப்பும் விண்ணப்பத்துக்கு வழிவிடும். வீட்டுக்காரர் மற்றும் வாடகைக்காரர் நியாயசபைக்கு ரி6 என்ற படிவத்தில் விண்ணப்பித்து, திருத்தவேலைக்கான கட்டளையையும் வாடகைக் கழிவையும் கோரலாம். குறை நிகழ்ந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.